மேஜை வரைக்கும் ஒரு நடை

நாடகத்துக்கு வாசிக்கிறவர்கள் நடிகரின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்போம். முகம் ஜனங்களுக்கு. மேடை ஓரத்தில், பக்கத்திரையை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிவது கால்தான். நடிகர் நிற்கப் போகிறாரா, திரும்பப் போகிறாரா என்பது முகத்துக்குத் தெரிவதற்கு முன்னால் குதிகாலுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் நான் போட்ட பாட்டுகளில் பாதி எனக்கே மறந்துவிட்டது. கால்கள் மறக்கவில்லை. அதிலும் ஒருவருடைய காலை நான் மறக்க வழியே இல்லை.

நான் சினிமாவில் ஆரம்பித்தவள். சென்னையில் ஒரு இசையமைப்பாளரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் தாளம் கோத்துக்கொண்டு இருந்தேன். சினிமாவில் படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் பின்னணி இசைக்கு நம்மிடம் வருவார்கள். கதாநாயகன் வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பது அதற்கு மேல் மாறாது. அந்த நேரத்துக்குள் நாம் அடங்க வேண்டும். “அந்தப் படத்துல வந்த மாதிரியே வேணும் மேடம், ஆனா அது மாதிரி தெரியக் கூடாது” என்று கேட்கிற இயக்குநர்களைப் பொறுத்துப் பொறுத்து எனக்கு வாய் நீண்டதுதான் மிச்சம். சொந்தமாக இசையமைத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிவரவில்லை. இன்னொன்று வெளிவந்தது யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது திருவண்ணாமலைக்கு வந்தேன். அம்மா போன பிறகும் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

வேங்கிக்கால் வீட்டில் ஓர் அறையின் சுவர் முழுக்கப் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை அடித்து ஒலிப்பதிவு அறையாக மாற்றிக்கொண்டேன். குறும்படம், செல்போன் செயலிகளில் வருகிற ஒலி நாடகம், எது வந்தாலும் செய்தேன். பௌர்ணமி அன்று மட்டும் மைக்கைத் தொட மாட்டேன். கிரிவலத்துக்கு வருகிற பஸ்களின் ஹாரன் எந்த மெத்தைக்கும் அடங்காது.

எங்கள் நாடகக் குழுவை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் வாத்தியார். அடி அண்ணாமலையில் அவருடைய சொந்தக்காரருக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதன் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் ஒத்திகை இடம். சாம்பார் வாசனை போகாத அந்தக் கூடத்தில்தான், எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற அந்த நடிகரை முதலில் பார்த்தேன்.

பாய் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தார். அவர் அப்பா காலத்துக் கடை. ஊரில் பாதி ஆண்பிள்ளைகளின் கல்யாணச் சட்டை அவர் வெட்டியது. அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ ஒரு களைப்பு இருந்ததால் வாத்தியார் அவருக்கு எப்போதும் கிழவன் வேஷமே கொடுப்பார். “எனக்கு எப்ப சார் மாப்பிள்ள வேஷம்?” என்று பாய் கேட்பார். “சட்டைய நீ தைக்கற, மாப்பிள்ள வேற எவனோ. அதான் உன் ராசி” என்பார் வாத்தியார்.

அந்த நாடகத்தின் கதை ரொம்ப எளியது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். ஒரு கிழவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாடகம் முழுக்க யார் யாரோ வருவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், போவார்கள். கிழவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசியில் கூப்பிடுவார்கள். மேடையின் இந்தக் கோடியில் பெஞ்ச், அந்தக் கோடியில் அதிகாரியின் மேஜை. கிழவர் எழுந்து அந்த மேஜை வரைக்கும் நடப்பார். வசனம் கிடையாது. போய் மனுவை மேஜையில் வைத்து நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலி. விளக்கு அணையும். அவ்வளவுதான். அந்த நடை முழுக்க என் இசை.

பாய் இயல்பில் வேகமாக நடப்பவர். முதல் ஒத்திகையில் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி விடுவிடுவென்று போய் மேஜையில் நின்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். “பாய், எழுவது வயசு ஆளு, நிதானம்” என்று கத்தினார் வாத்தியார். அடுத்த முறை கூனிக் குறுகி ஊர்ந்து போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை. “இவரு கெஞ்சப் போறாரா, கேக்கப் போறாரா? கேக்கப் போறவரு நிமிந்துதான் போவாரு” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன். இசைக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று வாத்தியாரின் பார்வை கேட்டது. பாய் மட்டும் தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தார். வயசானவரின் நடைதான், ஆனால் உறுதியான நடை. ஒவ்வொரு அடியும் தரையைக் கேட்டு வைக்கிற மாதிரி. இதுதான், இதேதான் என்று அந்த ஒத்திகையைச் செல்போனில் பதிவு செய்துகொண்டேன்.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, மடித்த பஸ் டிக்கெட்டை இடுக்கில் செருகிவிட்டால் சுருதி தானாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் அவர் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும், கீபோர்டிலேயே வீணை ஒலியில் ஒரு தந்தி மீட்டல். வேறு எதுவும் இல்லை. அடி முன்னால், மீட்டல் அதன் நிழலில். பாய் நடப்பார், நான் தொடர்ந்து போவேன். நாடகம் முடிந்ததும் ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் நேராக என்னிடம் வருவார். “நடை சரியா இருந்துச்சா?” என்று கேட்பார். வாத்தியாரிடம்கூடக் கேட்க மாட்டார். நான் ஏதாவது குறை சொல்வேன். திரும்பும்போது தடுமாறினீங்க, வேட்டி தடுக்கிச்சு, இப்படி. ஒருநாளும் சரியாக இருந்தது என்று சொன்னதில்லை. என் வாய் அப்படி.

நாடகம் நன்றாகப் போனது. செங்கம், போளூர், ஆரணி, வேலூர் என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போனோம். வருஷங்கள் ஓடின. ஆட ஆட, பாயின் கிழவர் மேலும் கிழவரானார். நடை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. என் கையும் என்னைக் கேட்காமலே மீட்டல்களுக்கு நடுவில் இடம் விட்டது. பிறகு இடது கால் தரையில் லேசாக உரசியது. பிறகு கையிலிருந்த மனுத்தாள் நடுங்க ஆரம்பித்தது.

அந்த நடுக்கத்தைப் பார்த்து நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! வேலூரில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் மேடைக்குப் பின்னால் வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படியே எங்கப்பா கை சார். எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கண் கலங்கினார். வாத்தியார் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் “பாயோட வெரலப் பாரு, அதான் நடிப்பு” என்று பாடமே எடுத்தார். எனக்கு அந்தத் தாளின் சலசலப்பு ரொம்பப் பிடித்துப்போனது. மடியில் ஒரு கஞ்சிராவை வைத்துக்கொண்டு, தாள் நடுங்கும்போதெல்லாம் இடது கை விரல்களால் அதன் தோலில் மழைத் தூறல் போல உருட்டினேன். நான் செய்த இசையிலேயே மிக நல்ல இடம் அதுதான் என்று பல பேர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மனிதரின் நோய்க்குத் தாளம் போட்டிருக்கிறேன்.

போளூரில் ஒருநாள் நடை ரொம்பவே நீண்டுவிட்டது. வண்டியில் திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

“பாய், கைத்தட்டலுக்காக இழுக்கறீங்க. ஒரே தந்திய நான் எவ்ளோ நேரம்தான் மீட்டிட்டு உக்காந்திருக்கறது? இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி.”

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார். “நான் இழுக்கலம்மா. அந்தக் கிழவன் உள்ள வந்து உக்காந்துட்டான். என்னைக் கேக்காமயே நடக்கறான்.”

வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். நடிகர்களுக்கு இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. பாத்திரம் உடம்புக்குள் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் நாங்கள் கும்பிடத்தான் செய்வோமே தவிர, டாக்டரைப் பார் என்று சொல்ல மாட்டோம்.

கடையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலையை வெளியே ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஊசி கோக்க வரவில்லை என்று கண்ணாடி போட்டுக்கொண்டார். புதுக் கண்ணாடியோடு ஒத்திகைக்கு வந்தபோது, “இப்பதான் பாய் அசல் கிழவன்” என்று கேலி செய்தோம்.

பிறகு வெளிமாநிலத்தில் ஒரு நாடக விழாவுக்கு அழைப்பு வந்தது. அந்த வாரம் எனக்கு ஒரு படத்தின் பின்னணி இசையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அதனால் வாத்தியாரிடம், இசையைப் பதிவு செய்து தருகிறேன், ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எந்த நாளின் நடையை அளவாக எடுப்பது? நான் யோசிக்கவே இல்லை. பழைய செல்போனில் இருந்த அந்த முதல் ஒத்திகையை எடுத்து, அந்த அடிகளுக்கு மீட்டினேன். எனக்குப் பிடித்த நடை அதுதான். இவ்வளவு நாள் நான் பாய்க்குப் பின்னால் போனேன், ஒருநாள் பாய் எனக்குப் பின்னால் வரட்டும் என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது.

நாடகம் முடிந்த அன்றே வாத்தியார் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம். “அம்மாடி, என்னா ஐடியா! மியூசிக் பாதிலயே நின்னுடுச்சு. பாய் நடு மேடைல அப்டியே நின்னான். அப்பறம் மீதி தூரம் முழுக்க, சத்தமே இல்லாம நடந்தான். ஒரு ஈ காக்கா மூச்சு விடல. எழுந்து நின்னு தட்டறாங்கம்மா!” நான் அப்படி எதுவும் யோசிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. போனை வைத்த பிறகு, பாராட்டு நம் கணக்கில் வந்தால் வரட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் பாய் வேங்கிக்காலுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை.

“வாத்தியார் ரொம்ப சந்தோஷமா இருக்காரும்மா. அதான் அவருகிட்ட ஒண்ணும் சொல்லல” என்றார்.

“என்ன பாய்?”

“நான் உன் மியூசிக் கூடவே போவத்தான் பாத்தேன். பழைய நடையாச்சே, எனக்குத் தெரியாதா? கால் வரல.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. “நடிப்பு இல்லையா அது?” என்று கேட்டேன். கேட்டேனே, அப்படித்தான் கேட்டேன்.

“மொதல்ல நானும் நடிப்புன்னுதான் நெனச்சேன், சத்தியமா. கடைல கை ஆடுச்சுன்னா கண்ணு கம்மியாயிடுச்சுன்னு நெனச்சேன். மேடைல ஆடுச்சுன்னா கிழவன்னு நெனச்சேன். ரெண்டையும் தனித்தனியாவே வெச்சிருந்தேன். மியூசிக் நின்னு போயி, மேஜை அங்க இருக்கு, நான் நடுவுல நிக்கறேன். அப்பதாம்மா ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சுது.”

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரும் அண்ணியும் போனார்கள். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் அவரை வராந்தாவின் கோடி வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னாராம். போய் வந்ததும் நடுக்குவாதம் என்று சொல்லிவிட்டாராம். எங்கள் குழு முழுக்க உட்கார்ந்து வருஷக்கணக்கில் கைதட்டிய நடையை, அவர் ஒருமுறை பார்த்துப் பெயர் சொல்லிவிட்டார். குணமாகாது, மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றும் சொன்னாராம்.

இதைக் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாய் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி சமையல்கட்டில் டீ போட்டுக்கொண்டே சொன்னார்கள்.

“வீட்லயும் கை ஆடும்மா. சோறு பெசையறப்ப, செய்தித்தாள் படிக்கறப்ப. நான் ஒத்திகை பாக்கறாருன்னு நெனச்சேன். ‘இங்க யாரு வந்து உக்காந்திருக்காங்கன்னு நடிக்கறீங்க, நிறுத்துங்க’ன்னு கிண்டல் பண்ணுவேன். அவரும் சிரிப்பாரு. நாடகத்துல பாத்து அழுதவதான் நான். வீட்ல பாத்து சிரிச்சிருக்கேன்.”

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வாத்தியார் அந்த நாடகத்தை அதோடு நிறுத்திவிட்டார். வேறு ஆள் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். “போட்டா அவனும் பாய் மாதிரிதான் நடப்பான். அத நான் பாக்கணுமா?” என்று எரிந்து விழுந்தார். எனக்கு வாத்தியார் மேல் பெரிய மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் பாய் விடவில்லை. ஒலி நாடகங்கள் வெளியிடுகிற ஒரு செயலிக்கு நான் வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். “காதால கேக்கற நாடகத்துல நடக்க வேண்டியதில்லயேம்மா. உக்காந்த இடத்துல பேசிடுவேன். நம்ம நாடகத்த அதுல போடலாமா?” என்றார். அவருக்கு அவசரம் இருந்தது. இந்த நோய் கையையும் காலையும் மட்டும் பிடிப்பதில்லை, குரலையும் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போதே அவர் பேசுவது பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலத்தான் இருந்தது. குரல் இருக்கும்போதே அந்தக் கிழவரை எங்காவது பத்திரமாக வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு. எனக்கும்தான்.

என் மெத்தை அறையில், வாத்தியாரையும் கூட வைத்துக்கொண்டு பதிவு செய்தோம். மாத்திரை போட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் குரல் எழும். அது எழும் வரைக்கும் காத்திருப்போம். எழுந்ததும் வாத்தியார் கையைக் காட்டுவார். மைக்கை வாயோடு ஒட்டி வைத்தேன். கிழவருக்கு வசனம் கம்மி. இருந்த கொஞ்சத்தையும் பாய் முழு உயிரோடு சொன்னார். குரல் மறுபடி இறங்கியதும் அண்ணி தண்ணீர் கொடுப்பார்கள், அன்றைக்கு அவ்வளவுதான். இப்படியே சில வாரங்களில் வசனம் எல்லாம் முடிந்தது. நடை மட்டும் பாக்கி.

ஒலி நாடகத்தில் நடை என்றால் செருப்புச் சத்தம். அதை யார் வேண்டுமானாலும் நடந்து பதிவு செய்யலாம். வழக்கமாக நான்தான் நடப்பேன்.

“நீயே நடம்மா” என்றார் பாய். “ஆனா கடைசில நான் நடந்தேனே, அப்டி வேணாம். மொத மொத மண்டபத்துல நடந்தேன் பாரு, நீ கத்தினியே, கேக்கப் போறவன் நடைன்னு. அப்டி அவன் மேஜைக்குப் போவணும். ஒரு வாட்டி.”

அடி அண்ணாமலை மண்டபத்திலேயே பதிவு செய்யலாம் என்று போனேன். பாய் மேடையில் போடுகிற தோல் செருப்பு நாடகப் பெட்டியில் இருந்தது. அதையே மாட்டிக்கொண்டு, காதில் பழைய ஒத்திகைப் பதிவைக் கேட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடந்தேன். நடை வரவில்லை. எவ்வளவு உறுதியாகக் காலை வைத்தாலும் இடது பக்கம் ‘சரக்’ என்று ஒரு இழுவை. மறுபடி நடந்தேன். மறுபடி சரக். எரிச்சலில் செருப்பைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தேன்.

வலது செருப்பு நன்றாக இருந்தது. இடது செருப்பின் முன்பக்கம் சாய்வாகத் தேய்ந்து, பெருவிரல் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. மேடையைத் தவிர வேறெங்கும் போடாத செருப்பு. அந்தத் தேய்மானம் முழுக்க என் கண்ணெதிரே, நான் வாசிக்க வாசிக்க நடந்தது. காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சாம்பார் வாசனை அடிக்கிற அந்தக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மண்டபத்தைப் பெருக்க வந்த அம்மா, செருப்பு அறுந்ததற்கா இவ்வளவு அழுகை என்று பார்த்துவிட்டுப் போனார்.

கடைத்தெருவில் அதே மாதிரி புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து மறுபடி நடந்தேன். இந்த முறை வந்தது. அதன் மேல் பழைய மீட்டல்களைச் சேர்த்தேன். கஞ்சிராவைத் தொடவே இல்லை.

முடித்ததும் பாயும் அண்ணியும் கேட்க வந்தார்கள். பாயை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சிலிருந்து எழுந்த இடத்திலிருந்து மேஜை வரைக்கும் அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முடிந்ததும், “வந்துட்டான்” என்றார். “நிமிந்து வந்துட்டான். இன்னொரு வாட்டி போடு.” நாலைந்து தடவை கேட்டார். அண்ணி சுவர் மெத்தையின் தையலை விரலால் நெருடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

கிளம்பும்போது அறையின் நிலைப்படியில் பாய் நின்றுவிட்டார். அடுத்த அடி எழவில்லை. பசை போட்டு ஒட்டின மாதிரி இரண்டு காலும் தரையோடு இருந்தன. நான் பதறிப்போய்க் கையைப் பிடிக்கப் போனேன். “இழுக்காதம்மா, வாசல் வந்தா இப்டித்தான் ஆவுது. கொஞ்ச நேரத்துல வரும்” என்றார்கள் அண்ணி. வரவில்லை. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பாய் தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னார்: “அத சத்தமா போடும்மா.”

ஸ்பீக்கரில் போட்டேன். சுருதி எழுந்தது. முதல் மீட்டல். இரண்டாவது மீட்டலில் இடது கால் மேலே வந்தது. நிலைப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, பாய் நடந்தார். அந்த முதல் ஒத்திகை நடை, உரசல் இல்லாமல். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். கேட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இசை முடிந்தது. பாய் அங்கேயே நின்றார். நான் உள்ளே ஓடிப்போய் மறுபடி போட்டேன்.

தாளம் கேட்டால் சில பேருக்குக் கால் எழும், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது என்று பிறகு டாக்டர் சொன்னாராம். அந்த இசையை அண்ணியின் வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். காலையில் அதைப் போட்டால் கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் வரைக்கும் போவார் என்று சொன்னபோது எனக்கு எந்தப் படத்துக்கும் வராத சந்தோஷம் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி போன் செய்தார்கள். “கொஞ்சம் நீட்டிக் குடும்மா. பாத்ரூம் போறதுக்குள்ள முடிஞ்சிடுது.” நீட்டிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து மறுபடி, “அடி எல்லாம் தள்ளித் தள்ளி வெச்சா தேவலாம். அவரால ஈடு குடுக்க முடியல.” தள்ளி வைத்தேன். மேடை ஓரத்தில் உட்கார்ந்து செய்த அதே வேலைதான். அப்போது கால் என் கண்ணெதிரே இருந்தது, கண்டபடி குறை சொன்னேன். இப்போது அண்ணியின் வார்த்தையை வைத்துக்கொண்டு, காணாத காலுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய நடையைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருந்தது. என் கையாலேயே.

போன மாசம் அண்ணி கூப்பிட்டு, “இனிமே நீட்ட வேணாம்மா” என்றார்கள். “அண்ணி, பாய்...?” என்றேன். அவர்களே அதைப் புரிந்துகொண்டு, “இல்லல்ல, அவரு இருக்காரு. எழுந்துக்கறதில்ல, அவ்ளோதான். ஆனா காலைல அத போடலன்னா கண்ணாலயே கேக்கறாரு. வந்து பாத்துட்டுப் போ” என்றார்கள்.

மறுநாள் காலையில் போனேன். பாய் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். பாதி உடம்பாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் கண் மட்டும் சிரித்தது. அண்ணி தலையணைப் பக்கத்தில் போனை வைத்து இசையைப் போட்டார்கள். என் பார்வை பழக்கத்தில் அவர் காலுக்குப் போனது. போர்வைக்கு வெளியே தெரிந்த இடது கால் பெருவிரல், ஒவ்வொரு மீட்டலுக்கும் லேசாக அசைந்தது. பாய் நடந்துகொண்டிருந்தார்.

இசை முடிந்தது. விரல் நிற்கவில்லை. மறுபடி ஒருமுறை அசைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை. அவருக்கு மேஜை இன்னும் வரவில்லை. நான் கட்டிலின் இரும்புச் சட்டத்தை விரலால் தட்டினேன். அவர் விரல் அசைந்த பிறகு, அதன் பின்னாலேயே ஒரு தட்டு. அவர் பொறுத்தால் நானும் பொறுத்தேன். அண்ணி மாத்திரையும் தண்ணீருமாக நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்படியே போய் ஒரு இடத்தில் விரல் நின்றது. நானும் நிறுத்தினேன்.

பாய் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். குரல் வரவில்லை. ஆனால் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேடையிலிருந்தும் இறங்கி வந்து அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

“சரியா இருந்துச்சு பாய்” என்றேன். “ரொம்ப சரியா இருந்துச்சு.”